சென்னையில் எட்டுப் பேர், நாலு இரவு: ஃபேமிலி சூட் எடுப்பதா, இரண்டு ரூம் போடுவதா?

செக்காலைவாசி கேட்டது:

மாசியில் நாலு இரவு சென்னையில் தங்கவேண்டிய வேலை இருக்கிறது. காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறி மதியம் எழும்பூரில் இறங்குகிறோம். திரும்புவதும் அதே வண்டியில்தான்.

ஆட்கள்: ஐயா (78 வயது, முழங்கால் தேய்மானம், வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம்), ஆயா (பாட்டி; சர்க்கரை, இன்சுலின் போடுகிறார்), நான், வீட்டில், பிள்ளைகள் மூன்று பேர் (11 வயது, 6 வயது, ஒன்றரை வயது). கடைசி இரண்டு இரவு மட்டும் மலேசியாவிலிருந்து அத்தை வந்து சேர்ந்துகொள்வார். அவருக்கு மலேசிய பாஸ்போர்ட்.

பகலில் இரண்டு வேலை: நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் ஐயாவுக்குக் கண் ஆஸ்பத்திரி, தி.நகரில் கல்யாண ஜவுளி. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பது ஆயாவின் உத்தரவு. ஆப்பில் 'ஃபேமிலி சூட்' என்று தேடினால் 6,000 முதல் 14,000 வரை காட்டுகிறது. படங்களில் எல்லாம் ஒரே சோபா, ஒரே கட்டில். எதற்காக இந்த விலை வித்தியாசம் என்றே புரியவில்லை. முதல் இரண்டு இரவுக்கு ஒரு நாளைக்கு வரியோடு 12,000 வரை கொடுக்கலாம், அத்தை வந்தபின் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவுசெய்வது?

முன்மேசை எழுதியது:

பெயரை வைத்துத் தேடாதீர்கள். நட்சத்திரத் தகுதி வாங்காத ஹோட்டலில் எந்த ரூமுக்கு வேண்டுமானாலும் 'ஃபேமிலி சூட்' என்று பலகை மாட்டலாம். சென்னையில் அந்தப் பெயரில் நாலு விதமான ரூம் விற்கிறார்கள்.

ஒன்று, கொஞ்சம் பெரிய ரூம், ஓரத்தில் சோபா, நடுவில் சுவர் கிடையாது. ஜூனியர் சூட் என்பதும் பெரும்பாலும் இதுதான். இரண்டு, டிவி மாட்டிய அரைச் சுவரோ மரத்தட்டியோ நடுவில் நிற்கும், கதவு இருக்காது. மூன்று, உண்மையான சூட்: கதவு போட்ட படுக்கை அறை, தனி வரவேற்பறை, படுக்கை அறையோடு ஒரு பாத்ரூம், வெளியே குளியல் வசதியில்லாத சின்ன டாய்லெட் ஒன்று. நாலு, இரண்டு படுக்கை அறை, இரண்டுக்கும் தனித்தனி பாத்ரூம். இந்த நாலாவது வகை குறைவு, விலையும் உங்கள் கணக்கில் அடங்காது.

ஒன்றரை வயதுக் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கும், பெரியவர்கள் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வார்கள், பதினொரு வயதுக்காரன் அதற்குப் பிறகுதான் டிவி போடுவான். கதவு இல்லாத ரூமில் இது மூன்றும் ஒன்றாக நடக்காது. அதனால் போனில் முதலில் கேட்கவேண்டியவை: உள்ளே எத்தனை கதவு, எத்தனை டாய்லெட், அந்த ரூமில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று அவர்கள் சிஸ்டத்தில் போட்டிருக்கிறது. சதுர அடியையும் கேட்கலாம்தான். ஆனால் 400 சதுர அடி என்று சொல்லும் ரூமில் நடைபாதையும் பாத்ரூமும் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். சாதாரண டபுள் ரூமுக்கு இரண்டு பேர், எக்ஸ்ட்ரா பெட் போட்டால் மூன்று. சூட் என்றாலும் பெரும்பாலும் மூன்று பெரியவர், அல்லது இரண்டு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும். உங்கள் ஏழு பேரை எந்த ஒற்றை சூட்டிலும் ஒழுங்காக ஏற்றமாட்டார்கள். ஆப்பில் இரண்டு பெரியவர் என்று போட்டுவிட்டு ஏழு பேராகப் போய் நின்றால், ரிசப்ஷனில் கூடுதல் ஆளுக்கு அவர்கள் சொல்வதுதான் விலை. முகூர்த்த நாளாக இருந்தால் இடமே இல்லை என்றும் சொல்லலாம். நம் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்தால் இன்னும் பத்துப் பேர் படுக்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

உங்களுக்குப் பொருந்துவது கனெக்டிங் ரூம், அதாவது நடுவில் கதவு வைத்த இரண்டு ரூம். அந்தக் கதவு இரட்டைக் கதவு: உங்கள் பக்கம் ஒன்று, அடுத்த ரூம் பக்கம் ஒன்று. இரண்டையும் திறந்து வைத்தால்தான் வழி. பூட்டியிருந்தால் ஹோட்டல் ஆள் வந்து திறந்து தரவேண்டும், செக்-இன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். 'அட்ஜாயினிங்' என்று சொன்னால் ஏமாறாதீர்கள், அது வெறும் அடுத்தடுத்த ரூம். ராத்திரி இரண்டு மணிக்கு ஐயா கூப்பிட்டால் காரிடார் வழியாகத்தான் போகவேண்டும்.

பிடிப்பது எப்படி என்றால், ஆப்பில் உள்ள 'சிறப்பு வேண்டுகோள்' கட்டத்தை நம்பவேண்டாம். அது ஒரு குறிப்பாகப் போய் விழும், அவ்வளவுதான். ஹோட்டலின் லேண்ட்லைனுக்கு வார நாளில் பகல் 11 முதல் 5 மணிக்குள் கூப்பிட்டு ரிசர்வேஷனைக் கேளுங்கள். ராத்திரி டூட்டியில் இருப்பவர் ரூம் ஒதுக்குபவர் அல்லர், எல்லாவற்றுக்கும் 'ஆகட்டும் சார்' என்பார். கனெக்டிங் ரூம் மொத்தம் எத்தனை ஜோடி, எந்த மாடி, கட்டில் எப்படி என்று கேளுங்கள். ஒரு பக்கம் பெரிய இரட்டைக் கட்டில், மறுபக்கம் இரண்டு தனிக் கட்டில் என்றிருக்கும் ஜோடி உங்களுக்குக் கச்சிதம். தனிக் கட்டில் பக்கம் ஐயா, ஆயா, பெரிய பிள்ளைக்கு எக்ஸ்ட்ரா பெட். மறுபக்கம் நீங்கள் நால்வர்.

இரண்டு ரூமையும் ஒரே பெயரில், ஒரே புக்கிங்கில், ஒரே பிளானில் (ரூம் மட்டுமா, பலகாரம் சேர்த்தா என்பது) போடுங்கள். ஒன்றை ஆப்பிலும் மற்றதை நேரிலுமாகப் போட்டால் சிஸ்டத்தில் சம்பந்தமில்லாத இரண்டு விருந்தாளிகள் நீங்கள். ஆப் விலை குறைவாக இருந்தால் அதையே போனில் சொல்லிக் கேளுங்கள். கமிஷன் மிச்சமாவதால் பல இடங்களில் இறங்கி வருவார்கள்.

கணக்குப்பிள்ளை (தேவகோட்டை) எழுதியது:

அண்ணன் சொன்னதில் வரிக் கணக்கு விட்டுப்போச்சு. சூட்டா ரெண்டு ரூமான்னு தீர்மானிக்கிறதுல பாதி அதுலதான் இருக்கு.

2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதுக்கு மேல ஒரு ரூபாய் போனாலும் மொத்தத் தொகைக்கும் 18. இது ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியாப் பாக்குறது, பில்லோட கூட்டுத்தொகைக்கு இல்ல.

9,500 ரூபாய் சூட்: வரி 1,710, ஆக 11,210. தலா 5,200-ல ரெண்டு ரூம்: 10,400, வரி 520, ஆக 10,920. ரெண்டாவதுல ரெண்டு முழு பாத்ரூம், நாலு சுவர் கூடுதல், 290 ரூபாய் குறைவு. எக்ஸ்ட்ரா பெட் போட்டாலும் உங்க 12,000-க்குள்ள முடிக்கப் பாக்கலாம்.

இன்னொரு இடத்துலயும் கவனம் வேணும். பலகையில எழுதுன விலை கணக்கில்ல, உங்ககிட்ட வாங்குற விலைதான் கணக்கு. 8,000 ரூபாய் ரூமைத் தள்ளுபடியில 7,400-க்குக் குடுத்தா 5 சதவீதம்தான். அதே மாதிரி ரூமோட சேத்துக் குடுக்குற காலைப் பலகாரமும் அந்த விலையில அடங்கும். பலகாரம் இல்லாம 7,300, பலகாரத்தோட 7,900-ன்னு ரெண்டு விலை இருந்தா, பாக்க 600 ரூபாய் வித்தியாசம். வரியோட போட்டுப் பாருங்க: 7,665-க்கும் 9,322-க்கும் நடுவுல 1,657. ரெண்டு பேர் பலகாரத்துக்கு அந்தக் காசா? எக்ஸ்ட்ரா பெட் காசு சேர்ந்து 7,500-ஐத் தாண்டுற மாதிரி இருந்தா, என்ன விகிதம் போடுவீங்கன்னு மெயில்லயே கேட்டு வாங்கிக்கிடுங்க.

சாப்பாட்டு பில்லும் இப்படித்தான். போன நிதியாண்டுல ஏதாவது ஒரு ரூமை 7,500-க்கு மேல வாடகைக்கு விட்ட ஹோட்டல்னா, அங்க உள்ள ரெஸ்டாரண்ட்ல சாப்பாட்டுக்கு 18 சதவீதம். நீங்க 5,000 ரூபாய் ரூம்ல தங்கியிருந்தாலும் அதே 18 தான். வெளியில சாதாரண ஹோட்டல்ல 5. ஏழு பேர் மூணு வேளைக்கு இது சின்னக் காசு இல்ல.

பிளான் எழுத்துகளையும் தெரிஞ்சுக்கிடுங்க. இ.பி.ன்னா ரூம் மட்டும். சி.பி.ன்னா காலைப் பலகாரம் சேர்த்தி, ஆனா ரெண்டு பேருக்குத்தான். மூணாவது ஆளும் பிள்ளைகளும் தனிக் காசு. பிள்ளை வயசுக்கு ஊர் முழுக்க ஒரே விதி கிடையாது. அஞ்சு வயசு வரைக்கும் இலவசம்ங்கிறது நிறைய இடத்துல உண்டு, அப்படிப் பாத்தா உங்க ஆறு வயசுக்காரருக்குக் காசு விழும். ஆப்ல வயசைச் சரியாப் போடுங்க.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

ரூம் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் சரி. பாத்ரூமை யாரும் பேசக் காணோம். 78 வயது முழங்காலுக்கு அதுதான் முதல் கேள்வி.

விலை கூடின சூட் என்றால் பாத்டப் வைத்திருப்பார்கள், பல இடங்களில் ஷவரும் அதற்குள்ளேயே இருக்கும். அதன் விளிம்பு ஒன்றரை அடி உயரம் வரும். முழங்கால் மடங்காதவர் அதைத் தாண்டி ஈரத்தில் கால் வைப்பது எலும்பு முறிவுக்கு அழைப்பு. அதனால் தரையோடு தரையாக இருக்கும் ஷவரா, இல்லை வாசலில் படிபோல் மேடு உண்டா, கண்ணாடிக் கதவா என்று கேளுங்கள். கமோட் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்றும் கேளுங்கள். துண்டு மாட்டும் கம்பியை அந்தக் கம்பி என்று சொல்லிவிடுவார்கள். அதைப் பிடித்து எழுந்தால் சுவரோடு கையில் வரும். கமோட் உயரம் சாதாரணமாக 16 அங்குலம்தான் இருக்கும். சர்ஜிகல் கடையில் கமோட் மேல் வைக்கும் உயர்த்தி 2 அங்குலத்திலும் 4 அங்குலத்திலும் கிடைக்கிறது, ஒன்று கொண்டுபோங்கள். உட்கார்ந்து குளிக்கக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, மக்கு மூன்றையும் ஹவுஸ்கீப்பிங்கில் கேட்டால் தருவார்கள். நாற்காலியின் கால் வழுக்காமல் இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். தி.நகர்ப் பக்கம் கீழே கார் நிறுத்தம், ரிசப்ஷன் மேலே என்று கட்டின லாட்ஜுகள் நிறைய. அஞ்சாறு படி ஏறினபிறகுதான் லிஃப்ட் வரும், சில இடத்தில் கைப்பிடிகூட இருக்காது. லிஃப்டுக்குள் எழுதியிருக்கும் எண்ணிக்கையையும் பாருங்கள்: 6 பேர் என்றால் 408 கிலோ. பெட்டி படுக்கையோடு ஏழு பேர் ஒரே தடவையில் ஏறமுடியாது.

இன்சுலினுக்கு வருவோம். கதவோரத்தில் கார்டு சொருகினால்தான் கரண்ட் வரும் ரூம்களில், கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனால் சில ஹோட்டலில் ஃப்ரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும். குழந்தைப் பாலும் கெடும், மருந்தும் கெடும். ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன் உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் இரண்டாவது கார்டு வாங்கிச் சொருகி வையுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ரூமில் வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜுகள் பல அந்தக் குளிருக்கு வராது. வருவதும் குளிர்த்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மருந்தை உறையவிடும், உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். நாலு இரவுக்கு நடப்பில் இருக்கிற இன்சுலின் பேனா போதும். பெரும்பாலான இன்சுலின் பிரித்தபின் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்துக் கருகும், அபராதமும் போடுவார்கள். வெந்நீர் மட்டும் அதில் போடுங்கள், பாலை ரூம் சர்வீஸில் வாங்குங்கள்.

குழந்தைத் தொட்டில் கேட்டால் உண்டு என்பார்கள், மொத்த ஹோட்டலுக்கும் இரண்டோ மூன்றோதான் இருக்கும். முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வந்ததும் மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் சந்து இருந்தால் குழந்தையைப் போடவேண்டாம். பாத்ரூம் உள்தாழ்ப்பாளை ஆறு வயதுப் பிள்ளை போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழும். வெளியிலிருந்து திறக்க வழி உண்டா என்று போன உடனே பார்த்துவிடுங்கள். பால்கனி இருக்கும் ரூம் வேண்டவே வேண்டாம்.

இட்லிச்சட்டி எழுதியது:

ஏன் எல்லாரும் ஹோட்டலையே சொல்றீங்க? நாலு இரவுக்கு மூணு பெட்ரூம் சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தா ஹால், கிச்சன், வாஷிங் மெஷின் எல்லாம் ஒரே கதவுக்குள்ள வந்துடும். ஆயா சொன்ன 'ஒரே இடம்' அதுதானே. சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு, குழந்தைக்குக் குழைஞ்ச சோறு, இதெல்லாம் ஹோட்டல்ல கேட்டுக் கேட்டு வாங்கணும். கிரீம்ஸ் ரோடு சந்துகள்ல ஆஸ்பத்திரிக்கு வர்ற வங்காளக் குடும்பங்களுக்காகவே கிச்சனோட ரூம் நிறைய இருக்கு, காலேஜ் ரோடு அங்கிருந்து பக்கம். ஆனா அந்தச் சந்துகள்ல சுத்தம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும், நேர்ல பாக்காம முன்பணம் கட்டாதீங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்: மூணு பெட்ரூம்ல எத்தனைக்கு உள்பாத்ரூம் (சாதாரணமா ரெண்டுக்குத்தான் இருக்கும், மூணாவது பொது). எத்தனை ரூம்ல ஏசி. கேஸ் சிலிண்டர் மாத்து இருக்கா. இட்லிப் பானை, குக்கர், மிக்ஸி உண்டா, இல்ல ரெண்டு தட்டும் ஒரு வாணலியும் வச்சுட்டு 'ஃபுல் கிச்சன்'னு போட்டிருக்காங்களா. குழாய்த் தண்ணி உப்பா இருக்கும், குடிக்க கேன் தண்ணி யார் போடுறது. கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா, லிஃப்ட் ஓடுமா. ராத்திரி ஆள் இருப்பாங்களா. டெபாசிட் எவ்வளவு, கிளம்புற அன்னைக்கே திரும்ப வருமா.

சாதாரண குடியிருப்புக்குள்ள ஒரே ஒரு ஃப்ளாட்டை மட்டும் நாள் வாடகைக்கு விடுற இடத்தைத் தவிர்த்துடுங்க. அசோசியேஷன் ஒத்துக்கலைன்னா வாட்ச்மேன் கேட்லயே நிறுத்திடுவார், ஓனர் போனை எடுக்கமாட்டார். மொத்தக் கட்டடமும் சர்வீஸ் அபார்ட்மென்டா இருக்கணும், ஜிஎஸ்டி எண் போட்ட பில் தரணும்.

வேன்சாவி எழுதியது:

இடம் பற்றிக் கொஞ்சம். தி.நகரில் தங்கினால் கடைக்கு நடக்கலாம் என்று எல்லோரும் அங்கேயே தேடுவார்கள். உஸ்மான் ரோட்டையும் ரங்கநாதன் தெருவையும் ஒட்டிய லாட்ஜில் சாயங்காலம் காரை வாசலுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. ஐயாவை நடத்திக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் காலையில் குறித்த நேரத்தில் போகவேண்டும், ஜவுளிக்கு எப்போது போனாலும் ஒன்றுதான். எனவே நுங்கம்பாக்கம், அல்லது சேத்துப்பட்டு, எழும்பூர் பக்கம் எடுங்கள். துணி எடுக்கும் நாளில் பெரியவர்கள் ரூமில் இருக்கட்டும். மற்றவர்கள் நுங்கம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கத்துக்கு அடுத்தது மாம்பலம். அங்கிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைபாதை இருக்கிறது. ரோட்டில் இறங்கவே வேண்டாம்.

புக் செய்யும் முன் மேப்பில் ஹோட்டலைச் சுற்றி நாலு கட்டடம் பாருங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாளில் விடியுமுன்னே நாதஸ்வரம். மாசியில் முகூர்த்தம் உண்டு, காலண்டரைப் பார்த்துத் தேதியை ஒருநாள் தள்ள முடிந்தால் விலையும் இறங்கும். வடபழனிப் பக்கம் அந்த நாள்களில் கோயில் கல்யாணக் கூட்டத்துக்கே ரூம் பத்தாது. ஹோட்டலில் பார் இருந்தால் அதற்குத் தனி வழியா, ரூமுக்குப் போகும் அதே லிஃப்டா என்று கேளுங்கள். பிள்ளைகளோடு ராத்திரி பத்து மணிக்கு அந்த லிஃப்டில் ஏறிப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். ரோட்டுப் பக்க ரூம் வேண்டாம், பின்பக்கம் கேளுங்கள். ஆனால் ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நீங்கள் ரயிலில் வருகிறீர்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது வேனில் வந்தால்: அடித்தளப் பார்க்கிங்கில் டெம்போ டிராவலர் நுழையாது, உயரம் இடிக்கும். டிரைவர் படுக்க இடம் உண்டா, குளிக்க இடம் உண்டா என்று ஹோட்டலில் கேட்டு வையுங்கள். ராத்திரி முழுக்க சீட்டில் முடங்கிப் படுத்தவர் மறுநாள் 400 கிலோமீட்டர் ஓட்டக்கூடாது.

செக்காலைவாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்ன பாத்டப் விஷயம் தலையிலேயே தட்டியது, பார்த்து வைத்திருந்த இரண்டு சூட்டிலும் அதுதான் இருக்கிறது. அபார்ட்மென்ட் யோசனை ஆயாவுக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகம். அத்தையின் மலேசிய பாஸ்போர்ட்டால் ஏதாவது சிக்கல் வருமா? நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டலில் கனெக்டிங் ரூம் உண்டு என்கிறார்கள், ஆனால் 'அன்றைக்கு இருந்தால் தருகிறோம்' என்று மட்டும்தான் எழுதித் தருகிறார்கள். அதை நம்பிப் போகலாமா?

முன்மேசை:

பாஸ்போர்ட்டை முதலில் சொல்கிறேன், அபார்ட்மென்டா ஹோட்டலா என்பதை அதுவே தீர்மானித்துவிடும். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசுக்குச் சொல்லும் படிவத்தை (பழக்கத்தில் 'சி' படிவம், சி ஃபார்ம் என்பார்கள்) ஆன்லைனில் ஏற்றவேண்டியது தங்கவைப்பவர் பொறுப்பு. அதற்குப் பதிவு செய்துகொள்ளாத சின்ன லாட்ஜும் தனி ஃப்ளாட்டும் வாசலில் வைத்தே முடியாது என்பார்கள். எனவே எந்த இடமானாலும் 'சி ஃபார்ம் போடுவீர்களா' என்று இப்போதே கேளுங்கள். தயங்கினால் அடுத்த இடத்துக்குப் போங்கள். அத்தை பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையில் வைத்திருக்கவேண்டும், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு ஆயுள் விசா மாதிரி) இருந்தால் விசாவுக்குப் பதில் அதை. மற்றப் பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த பிரதி போதும், ஆதார் ஆணையத்தின் (யுஐடிஏஐ) தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

அத்தை வரும் இரண்டு இரவுக்கு அவரை இருக்கிற ரூமில் திணிக்கவேண்டாம். அதே மாடியில் மூன்றாவது ரூம் ஒன்றை அந்த இரண்டு இரவுக்கு மட்டும் போடுங்கள். பெரிய பிள்ளையை அத்தையோடு படுக்கவைத்தால் எக்ஸ்ட்ரா பெட் காசு மிச்சம், ஐயா நடக்கவும் இடம் கிடைக்கும். அந்த எக்ஸ்ட்ரா பெட்டைப் பற்றியும் கேட்டு வையுங்கள்: சக்கரம் வைத்த மடக்குக் கட்டிலா, சோபாவையே விரிப்பதா, தரையில் மெத்தையா. தரை மெத்தை என்றால் ராத்திரி டாய்லெட்டுக்கு எழுந்திருப்பவர் வழியில் போடச் சொல்லாதீர்கள்.

'இருந்தால் தருகிறோம்' என்பதை நம்பமுடியாது. ஏற்கெனவே தங்கியிருப்பவர் ஒரு நாள் நீட்டித்துவிட்டால் அந்த ஜோடி உடையும், ஹோட்டலால் அவரைக் கிளப்பமுடியாது. உறுதியாக வேண்டுமென்றால் ரிசர்வேஷன் மேனேஜரிடம் ரூம் எண்ணோடு மெயில் கேளுங்கள். முழு முன்பணம் கட்டுகிறேன் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கட்டும்முன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'கனெக்டிங் ரூம் தரமுடியாவிட்டால் கட்டணமின்றி ரத்துசெய்யலாம்.' பயணத்துக்கு மூன்று நாள் முன்பும், முந்தின நாள் சாயங்காலமும் கூப்பிட்டு எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண் தர மறுத்தால் அந்த ஹோட்டலை விட்டுவிடுங்கள். கனெக்டிங் இல்லாவிட்டாலும் எதிரெதிர் கதவாக இரண்டு ரூம் கிடைத்தால் அதுவும் மோசமில்லை: இரண்டு கதவையும் திறந்துவைத்தால் பெரியவர்கள் கண்ணில் படுவார்கள். நடுக்கதவு வழியாக வரும் டிவி சத்தமும் இருக்காது.

இட்லிச்சட்டி:

சி ஃபார்ம் விஷயம் என் கணக்குல வரல, முன்மேசை சொல்றது சரி. பதிவு பண்ணின சர்வீஸ் அபார்ட்மென்ட்களும் இருக்கு, அதைக் கேட்டுட்டு எடுங்க. மறுத்தா ஹோட்டல்தான். ஹோட்டல்னா இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் தூக்கிட்டுப் போயிடாதீங்க. ரூம்ல இருக்கிற சாதாரண பிளக் 6 ஆம்பியர், 1,300 வாட் சுமாருக்கு மேல தாங்காது, 2,000 வாட் அடுப்புக்கு மாடி முழுக்க இருட்டாகும்.

வேன்சாவி:

போகும்போது பல்லவன் மதியம் எழும்பூர் சேரும், 12 மணி செக்-இன்னுக்கு அது ஒத்துவரும். 2 மணி செக்-இன் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒரு ரூமையாவது முன்னாலேயே தரச்சொல்லி ஐயாவைப் படுக்கவைக்கலாம். சேது, ராமேஸ்வரம் மாதிரி ராத்திரி வண்டியில் வந்து காலையில் இறங்குபவர்கள் 24 மணி நேரக் கணக்குப் போடும் ஹோட்டலாகப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் முதல் அரைநாள் ரிசப்ஷன் சோபாவில்தான். எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடக்கும்போது சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். கிளம்பும் முந்தின நாள் ஒருதடவை பார்த்துவிடுங்கள், தாம்பரம் என்றால் அத்தனை பெட்டியோடு இன்னும் 25 கிலோமீட்டருக்கு வண்டி பிடிக்கவேண்டியிருக்கும்.

திரும்பும் நாளில் பல்லவன் எழும்பூரிலிருந்து பிற்பகலில்தான் கிளம்பும், செக்-அவுட்டோ 11 அல்லது 12 மணி. மூன்று ரூமையும் நீட்டிக்கக் காசு கொடுக்காதீர்கள். ஒரு ரூமை மட்டும் இரண்டு மணி வரை கேளுங்கள், அதில் பெரியவர்களும் குழந்தையும் இருக்கட்டும், மற்ற இரண்டையும் காலி செய்து பெட்டிகளை ரிசப்ஷனில் டோக்கன் போட்டு வையுங்கள். இதை முதல் நாளே பேசி எழுதி வாங்கினால் பல இடத்தில் சும்மாவே தருவார்கள், கடைசி நாள் காலையில் கேட்டால் அரை நாள் வாடகை. ஜவுளிப் பைகளை மட்டும் டோக்கனில் விடவேண்டாம், கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.